இறுக்கிக் கட்டிய ஜோடி

பன்னிரண்டரை மணிக்கு மூன்றாம் ஜன்னலில் நின்ற ஆள்தான் முதலில் கத்தினான். காலை எட்டு மணிக்கே வரிசையில் வந்து நின்றவன். செத்துப்போன தகப்பனுடைய வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு நகல் வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“சுத்துது சார்.”

“நேத்தும் இதையேதான் காட்டினே. நேத்து சுத்தினது இன்னும் நிக்கலையா? இந்நேரம் தலை சுத்தி விழுந்திருக்கணுமே அது!”

வரிசை சிரித்தது. சிரித்த வரிசையே அடுத்த நிமிஷம் சேர்ந்து கத்தியது. ஆறு ஜன்னலிலும் அதே வட்டம்.

கூடத்தின் நடுவில் ஏணி மேல் நின்று ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த கிழவர் குனிந்து பார்த்தார். ஆவணக் காப்பகத்தில் அவருக்கு முடிச்சு என்று பெயர். சொந்தப் பெயர் கேட் பாஸில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நாற்பது வருஷமாகக் கட்டடங்களுக்குள் ஒயர் இழுக்கிறவர். அவர் போட்ட கட்டு எங்கேயும் அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. பிளாஸ்டிக் டையைச் சுற்றி, அதன் வாலைக் கட்டிங் பிளேயரில் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தாரானால் அதற்குள் ஊசி நுழையாது. அதனால் முடிச்சு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் நம்பியதில்லை. மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொடுவார். மனுஷனுக்கு டெஸ்டர் கிடையாது என்பதால் மனுஷனை இன்னும் கொஞ்சம் குறைவாக நம்பினார்.

மேலாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கினார்.

“கத்தாதீங்க, கத்தாதீங்க. தப்பு யார்மேலன்னு கண்டுபிடிச்சாச்சு. டிஸ்க் பெட்டியைப் பார்த்துக்கிற பொண்ணு. சுத்த அலட்சியம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பறோம். திங்கக்கிழமை வாங்க, எல்லாம் சரியாயிடும்.”

டிஸ்க் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பெண் முடிச்சின் மருமகள். அது மேலாளருக்கும் தெரியும். ஏணி மேல் நிற்கிறவனுக்கும் காது இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

முடிச்சு ட்யூப்லைட்டை அதன் பட்டியில் திருகிய திருகில் பட்டியே நடுங்கியது. கீழே இறங்கி ஏணியை மடக்கி, சுவரில் சாத்தாமல் எறிந்தார். சத்தம் கேட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் மட்டும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மருமகள் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, தட்டின் முன் உட்காரும் வரைக்கும் அவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பொறுமை.

“என்னம்மா, எழுதிக் கொடுக்கப் போறியாமே?”

“யார் சொன்னது மாமா?”

“யார் சொல்லணும்? உன் மேலாளர்தான் ஜனத்தைக் கூட்டி வச்சு சொல்றாரு. பெட்டிக்கடையில சிகரெட் வாங்க வந்தவனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. நான் உனக்கு மாமனாரா, இல்ல எதிர்வீட்டுக்காரனா?”

“ஆமா மாமா. எழுதித்தான் கொடுக்கணும்.”

“தப்பு செஞ்சியா?”

“பெருசா ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் எதுக்கு எழுதணும்? படிச்ச எழுத்தெல்லாம் கையில மிச்சம் கிடக்கா?”

அவருடைய சம்சாரம் கரண்டியோடு குறுக்கே வந்தாள். “அவளைத் திங்க விடுங்க. ரெண்டு நாளா தட்டைத் தொட்டுட்டு எந்திரிச்சுப் போறா. லாரில போயிருக்கிற உங்க புள்ள வந்து கேட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

“அவன் வந்து என்ன கேட்பான்? வேலை போன பொண்டாட்டியைக் கிளீனரா கூட்டிட்டுப் போவானா?”

தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது மருமகளுக்கு. இப்போது ‘என் அலட்சியம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இந்த வேலை மட்டுமல்ல, இந்தத் தொழிலில் வேறு எந்த வாசற்படியும் ஏற முடியாது. அந்த ஒரு வரி அவளுக்கு முன்னால் போய் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துகொள்ளும். இது முடிச்சுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது அந்த இழவு பிடித்த பெட்டிக்கு என்ன நோய் என்பது.

“சரி. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என்னதான் ஆச்சு?”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். இரண்டு கையையும் மேஜை மேல் நீட்டினாள்.

“மாடியில கம்ப்யூட்டர். பின்கட்டுல டிஸ்க் பெட்டி. பத்திரமெல்லாம் பெட்டியில இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வழி, ரெண்டு கேபிள். ஒரு பத்திரம் இந்த வழியா வரும், அடுத்த பத்திரம் அந்த வழியா. மாத்தி மாத்தி வரும். பாரம் ரெண்டு தோள்லயும் சமமா இருக்கட்டும்னு. ஒரு வழி செத்துப்போனா எல்லாம் இன்னொண்ணுல போகும். ஜன்னல்ல நிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது.”

“இப்ப ஒண்ணு செத்துப்போச்சா?”

“செத்தா நல்லது மாமா. சாக மாட்டேங்குது, அதான் வம்பு. நடுவுல ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்துகிட்டு அஞ்சு செகண்டுக்கு ஒருதடவை ‘இருக்கியா’ன்னு கேட்கும். ‘இருக்கேன்’னு பதில் வந்தா அதுக்குப் போதும். பெரிய பத்திரத்தை அந்த வழியில அனுப்பும். அது பாதியில உடையும். திரும்ப அனுப்பும், திரும்ப உடையும். சரி, இது ஆகாதுன்னு பாரத்தைத் தூக்கி அடுத்த வழியில போடும். அங்கயும் அதே கதை. அதுக்குள்ள முதல் வழியைக் கேட்கும், ‘இருக்கியா’ன்னு. ‘இருக்கேன்’னு சொல்லும். உடனே பாரத்தைத் திரும்ப இங்க கொண்டாந்து கொட்டும். இப்படியே பந்தாடுது.”

“நம்ம பெயின்டர் மாதிரி. போன் போட்டா ‘இருக்கேண்ணே’ன்னு சொல்றான். வேலைக்குக் கூப்பிட்டா ஆளைக் காணோம்.”

மருமகள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “அதேதான் மாமா. ‘இருக்கேன்’னு சொல்றதுக்குத் தெம்பு வேணாம். சுமக்கத்தான் வேணும்.”

“எந்நேரமும் இப்படியா?”

“பன்னெண்டு மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும். நாலு மணிக்கு மேல அடங்கிடும். காலையில பெட்டி வித்த கம்பெனி ஆள் வந்து பார்த்தா ரெண்டு வழியும் பச்சை விளக்கு. ‘எங்க சரக்கு சுத்தம், உங்க ஆள் செட்டிங்கைக் கெடுத்துட்டாங்க’ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.”

“ஏசி மெக்கானிக் எதையாவது மிதிச்சிருப்பான். இல்ல எலி. கேபிள்ல குத்தம் இருக்காது. போட்டது நான். ஜோடி போட்டிருக்கேன், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரு ஜாணுக்கு ஒரு கட்டு. கட்டடம் இடிஞ்சு விழுந்தாலும் என் கட்டு அவிழாது.”

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, “சரி மாமா” என்றாள்.

அந்த ‘சரி மாமா’ அவருக்குப் பிடிக்கவில்லை. நிறைய ‘சரி’ கேட்டவர் அவர். சம்மதித்து வருகிற சரி வேறு, மூடி வைத்து வருகிற சரி வேறு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் ஏணியைத் தேடி வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘மாமா, சீலிங்குக்குள்ள கேபிள் எப்படிப் போகுதுன்னு ஒரு நிமிஷம் ஏறிப் பார்க்கணும்’ என்றாள். நாலு பேர் பார்க்கும்படி ஏணியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். ‘என் கட்டைப் பார்க்க நீ ஏணி ஏற வேணாம். உன் வயசைவிட அதிக வருஷம் கட்டியிருக்கேன்’ என்றார். மேலாளரிடமும் அவள் அனுமதி கேட்டிருக்கிறாள். ‘நான் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன், நீங்க எதுக்கு ஏறணும்?’ என்று அவரும் விரட்டிவிட்டார். அவள் ஏறவில்லை. படிப்பு சொல்லிக் கொடுக்காத மரியாதை அது. அன்றைக்கு அவருக்கு அது வெற்றியாக இருந்தது.

எதையும் நம்பாதவன் எல்லாக் காகிதத்தையும் வைத்திருப்பான். முடிச்சு அலமாரிக்கு மேலிருந்த பிளாஸ்டிக் பையை இறக்கி, வேலைச் சீட்டுகளைப் பரப்பி, அந்த வேலையின் சீட்டைத் தேடி எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘மாடி அறை முதல் பின்கட்டு வரை ஃபைபர் கேபிள் — ஒரு ஜோடி.’ எழுதினது மருமகள்தான், அவள் எழுத்து மணிமணியாக இருக்கும். ஜோடி என்றுதானே எழுதியிருக்கிறது? ஜோடியாகத்தானே போட்டார்? அதோடு பின் குத்தியிருந்த இன்னொரு காகிதத்தையும் படித்தார். படித்து முடித்து மூக்கால் சிரித்தார். அதை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி ஆள் படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தான். கழுத்தில் டை, கையில் மடிக்கணினி. முடிச்சு வழியை மறித்தார்.

“தம்பி, காலையிலேயே வந்து பார்த்துட்டுப் போறியே, மத்தியானம் வந்து பாரேன்.”

“மத்தியானம் வேற இடத்துக்குப் போகணும் பெரியவரே. இங்க எல்லாம் பச்சையா இருக்கு.”

“காய்ச்சல்காரனைக் காலையில தொட்டுப் பார்த்துட்டுச் சுகமா இருக்கான்னு எழுதற டாக்டரு மாதிரி பேசறியே. சாயங்காலம் கொதிக்குதுன்னு வீட்டுல சொல்றாங்க, உன் காதுல விழலையா?”

“நீங்க யாரு?”

“கேபிள் போட்டவன்.”

“ஓ.” அவன் அவருடைய செருப்பிலிருந்து தலை வரைக்கும் பார்த்தான். “சிஸ்டம் பார்த்தாச்சு பெரியவரே. மனுஷத் தப்பு. ரிப்போர்ட் கொடுத்தாச்சு.”

“மனுஷத் தப்புதான். எந்த மனுஷன்னு பார்த்தியா?”

அவன் டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனான். ‘அந்த டையைக் கட்ட என்னைக் கூப்பிட்டிருக்கணும்’ என்று முடிச்சு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

பன்னிரண்டரைக்குக் கூடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வரிசை கத்த ஆரம்பித்தது. மேலாளர் அறைக் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. முடிச்சு யாரிடமும் கேட்கவில்லை. மாடி நடையில் ஏணியை விரித்தார், சீலிங் பலகையைத் தள்ளினார், தலையை உள்ளே விட்டார்.

அடுப்புக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது. மேலே தகரக் கூரை, நேர் உச்சியில் வெயில். கேபிள் கிடக்கும் தகர ட்ரேயைத் தொட்ட விரல் சுட்டது. கேபிள் போட்டது குளிர் மாதத்தில், அதுவும் விடியற்காலையில். அதற்குப் பிறகு இந்த நேரத்தில் இங்கே அவர் ஏறியதே இல்லை. யாருமே ஏறியதில்லை.

டார்ச்சை அடித்தார். எலி எச்சம் இல்லை. மிதித்த தடம் இல்லை. இரண்டு மஞ்சள் கேபிளும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி ட்ரேயில் படுத்துக்கிடந்தன. ஒரு ஜாணுக்கு ஒரு கறுப்பு டை. அச்சடித்த மாதிரி அழகு. சுற்றிலும் வெயிலில் கேபிளின் தோல் உப்பியிருந்தது. டை மட்டும் கொடுக்கவில்லை. வீங்கின விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் மாதிரி தோலுக்குள் புதைந்து, இரண்டு கேபிளையும் ஒரே இடத்தில் நெரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஜாணில் அதே நெரிப்பு. அதற்கடுத்த ஜாணிலும்.

செம்பு ஒயரை எவ்வளவு நெரித்தாலும் அது கவலைப்படாது. இது செம்பு இல்லை. உள்ளே மயிரிழைக் கண்ணாடி, அதில் வெளிச்சம் ஓடுகிறது. நெரித்த இடத்தில் வெளிச்சம் கசியும்.

கேபிள் வந்த அட்டைப் பெட்டிக்குள் அன்றைக்கு ஒரு காகிதம் இருந்தது. எழுத்து அவருக்குப் புரியாத பாஷை, ஆனால் படம் இருந்தது. டை போட்டு இறுக்கின கேபிள், அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. படம் பார்க்கப் படிப்பு வேண்டாம். அவர் பார்த்தார். ‘எனக்கே கட்டச் சொல்லிக் கொடுக்கறான்’ என்று அதை விரித்து அதன் மேல் மத்தியானச் சாப்பாட்டை வைத்துச் சாப்பிட்டார்.

கெட்ட வார்த்தை எல்லாம் வாயில் வந்தது. யார் மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை. ஏசி மெக்கானிக் இல்லை, எலி இல்லை, கழுத்தில் டை கட்டினவனும் இல்லை.

போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, திரை முன்னாடி இருக்கியா?”

“இருக்கேன் மாமா. எங்க இருந்து பேசறீங்க? எதிரொலிக்குது.”

“சீலிங்குக்குள்ள. கட்டு இறுக்கம். என் கட்டுதான். ரெண்டையும் சேர்த்து நெரிக்குது.”

 அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, “தெரியும் மாமா” என்று வந்தது.

“தெரியுமா?”

“ரெண்டு வழியும் ஒரே நேரத்துல இருமுது. தனித்தனி வழியில போயிருந்தா ஒண்ணு இருமினா இன்னொண்ணு சும்மா இருக்கும். சேர்த்துத்தான் கட்டியிருக்கீங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. வெயில்ல வருது, வெயில்ல போகுது. அதுக்கு மேல ஏறிப் பார்க்கணும்னு அவசியம் இல்ல.”

“எப்ப இருந்து தெரியும்?”

“மூணு வாரமா.”

“மூணு வாரமா தெரிஞ்சுகிட்டு என் வீட்டுல உட்கார்ந்து ‘சரி மாமா, சரி மாமா’ன்னு சொல்லிட்டு இருந்தியா? ஏன் சொல்லல?”

“சொன்னா உங்களை விட்டு வைப்பாங்களா? காண்ட்ராக்ட் ஆள் நீங்க. கேட் பாஸைப் பிடுங்கிட்டு, எல்லாக் கட்டடத்துக்கும் பேரை அனுப்பிடுவாங்க. எனக்கு வயசு இருக்கு, வேற ஏதாவது...”

“வாயை மூடு!” சீலிங்குக்குள் அது முழங்கியது. கீழே நடையில் போன ஒருவன் அண்ணாந்து பார்த்தான். “என்மேல பரிதாபப்பட உனக்கு யார் சொன்னது? நாற்பது வருஷத்துல எவன்கிட்டயாவது கையேந்தியிருக்கேனா? பொம்பளைப் புள்ள தலையைக் கொடுத்து நான் கேட் பாஸைத் தொங்க விட்டுக்கிட்டு நடக்கணுமா?”

“நீங்க ஏணியைப் பிடுங்கினீங்களே, அப்ப யாரு கத்தினது? நான் சொன்னா கேட்டிருப்பீங்களா?” இப்போது அவளும் கத்தினாள். முதல் தடவை. “என் தப்பும்தான். ‘தனித்தனியா’ன்னு எழுதியிருக்கணும். ‘ஜோடி’ன்னு எழுதிட்டேன்.”

“ஜோடின்னுதானே எழுதினே! ஜோடியாப் போட்டேன்!”

“ஜோடின்னா ரெண்டு மாமா!”

“ஜோடின்னா சேர்ந்து இருக்கிறதுடீ! தனித்தனியா இருந்தா அதுக்குப் பேரு ஜோடியா? கோர்ட்டுக்குப் போனதுங்களைத்தான் தனித்தனியான்னு சொல்வாங்க!”

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. முடிச்சின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை ட்ரேயில் சொட்டியது.

“இப்ப என்ன பண்ணணும்? சொல்லு.”

“டையை வெட்டுங்க. ஓடிட்டு இருக்கும்போதே வெட்டலாம்.”

“பிளேயர் நழுவி ஒண்ணு அறுந்துட்டா?”

“அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். அதுக்குத்தானே ரெண்டு. முழுசா அறுந்தா சாஃப்ட்வேருக்குப் புரியும், அந்தப் பக்கம் போகாது. அரைகுறையா இருக்கறதுதான் நம்மளைக் கொல்லுது.”

“என் கையில கேபிள் அறுந்ததா சரித்திரம் இல்ல” என்றார் முடிச்சு. சொன்ன பிறகு, சரித்திரத்தைப் பற்றிப் பேச இது இடமில்லை என்று அவருக்கே பட்டது.

முதல் டையை வெட்டினார். டப்பென்று தெறித்து அவர் கன்னத்தில் அடித்தது. அவ்வளவு இறுக்கம். கேபிளின் தோலில் பள்ளம் விழுந்திருந்தது.

“எவ்வளவு?”

“நிமிஷத்துக்கு நானூறு தப்பு வந்துட்டிருந்தது. இப்ப முந்நூத்தித் தொண்ணூறு.”

ஏணியை நகர்த்தினார், பலகையைத் தள்ளினார், வெட்டினார். நகர்த்தினார், வெட்டினார். ஒவ்வொரு கட்டும் அவர் கையால் போட்டது, ஒவ்வொன்றும் திமிறிக்கொண்டு தெறித்தது. நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒன்றுகூடத் தளர்வாக இல்லை. ஒன்றாவது தளர்வாக இருந்திருந்தால் அந்த ஒன்றுக்காகவாவது சந்தோஷப்பட்டிருப்பார். காதில் மருமகளின் குரல் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. இருநூற்றி எழுபது. நூற்றி முப்பது. அறுபது. ஏழு. கடைசி டையை வெட்டி, கேபிள்களை விரலால் விலக்கிவிட்டபோது அவள் எண் சொல்லவில்லை.

“என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கறே?”

“ஒண்ணும் இல்ல மாமா.”

“ஒண்ணும் இல்லைன்னா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. ரெண்டு வழியிலயும்.”

கீழே கூடத்திலிருந்து சத்தம் மாறி வந்தது. மூன்றாம் ஜன்னலில் பிரிண்டர் ஓடுகிற சத்தம். ‘அட, வருதுய்யா!’ என்று யாரோ ஒருவன் கூவினான். மணி இரண்டு. வெயில் இறங்கவில்லை.

நாலரைக்கு முடிச்சு மேலாளர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். மருமகள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டைப் செய்த கடிதம் மேஜை மேல் இருந்தது, பேனாவும் பக்கத்தில் இருந்தது. பெட்டி சரியாகிவிட்டது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சரியானால் என்ன, மூன்று வாரம் ஜனம் கத்தியதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

“அவ கையெழுத்துப் போட மாட்டா. கட்டினது நான்” என்றார் முடிச்சு.

மருமகள் திரும்பி, “மாமா, நீங்க வெளிய போங்க” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அப்படியா? அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுங்க. குடும்பமாப் போங்க.”

முடிச்சு சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மேஜையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “‘மேற்கூரைக்குள் ஏறி நேரில் பார்வையிட்டேன். இரண்டு கேபிள்களும் விதிப்படி உள்ளன.’ கீழ கையெழுத்து. யாரோடது சார் இது? எனக்கு இங்கிலீஷ் கையெழுத்து படிக்க வராது.”

மேலாளர் காகிதத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். முடிச்சு பின்னால் நகர்ந்தார்.

“ஏறினீங்களா சார்? எந்த ஏணியில? இந்தக் கட்டடத்துல இருக்கறது என் ஏணி ஒண்ணுதான். அதுல எழுதியிருக்கு, நூறு கிலோவுக்கு மேல ஏறக் கூடாதுன்னு. ஒரு மாடிக்கே லிஃப்டுல போற ஆளு நீங்க.”

மேலாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“என்ன வேணும் உனக்கு?” என்றார் மேலாளர்.

“அந்த லெட்டரைக் கிழிங்க. அவ பேரு அதுல இருக்கக் கூடாது. என் லெட்டரை நானே எழுதறேன்.”

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார். நின்றபடியே, கடிதத்தின் பின்பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினார். நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

‘கேபிள் கட்டினது நான். இறுக்கினது நான். ஏறிப் பார்க்க வந்தவளைத் தடுத்ததும் நான். ஏறாமலே ஏறினேன் என்று எழுதினது நான் இல்லை.’

மேலாளர் படித்தார். “கடைசி வரி வேண்டாம்.”

“நாலு வரியும் ஒரே கட்டு சார். பிரிக்க முடியாது.”

மேலாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் மருமகளின் பேர், பின்பக்கம் தன்னுடைய பொய். எந்தப் பக்கத்தை ஃபைலில் வைத்தாலும் மற்றது கூடவே வரும். கிழித்தார். நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு முடிச்சைப் பார்த்து விரலை நீட்டினார்.

“திங்கக்கிழமையில இருந்து நீ இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. கேட் பாஸைக் கொடுத்துட்டுப் போ.”

மருமகள் குறுக்கிட்டாள். “சார், ரெண்டு கேபிளும் இன்னும் ஒரே ட்ரேயில கிடக்கு. ஒண்ணைப் பிரிச்சு படிக்கட்டுப் பக்கமாக் கொண்டு போகணும். இல்லைன்னா நாளைக்கு ஒரு தகரம் விழுந்தா ரெண்டும் போகும். நாளைக்கு லீவு, நாளைக்கே செய்யலாம். இவரைத் தவிர இங்க இழுக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல.”

மேலாளர் கண்ணை மூடித் திறந்தார். “நாளைக்கு வந்து அதைச் செஞ்சிட்டு, அப்புறம் வராதே.”

வெளியே வந்ததும் மருமகள் படிக்கட்டில் நின்றுவிட்டாள்.

“யார் உங்களை வரச் சொன்னது? நான் பார்த்துக்கிட்டிருப்பேன்ல?”

“என்னத்தைப் பார்த்துக்கிட்டிருப்பே? பேனாவை எடுக்கத்தானே நின்னே நீ.”

“உங்க வேலை போச்சு மாமா!”

“போச்சு. நான் கட்டினதால போச்சு. அது நியாயம். நீ கட்டாததுக்கு நீ போறதுதான் அநியாயம். இனிமே என் தப்பை எனக்குத் தெரியாம தூக்கிட்டுத் திரிஞ்சே, அப்ப இருக்கு உனக்கு.”

“இனிமே நான் ஏணி கேட்டா கொடுங்க. பிடுங்கினீங்க, அப்ப இருக்கு உங்களுக்கு.”

 இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் ஒரு கஜம் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

சனிக்கிழமை கட்டடம் காலியாக இருந்தது. நாலு மணி நேரம் பிடித்தது. ஒரு கேபிள் பழைய ட்ரேயிலேயே கிடந்தது. இன்னொன்றை முடிச்சு அறுக்காமல் உருவி, படிக்கட்டுச் சுவர் வழியாகக் கீழே இறக்கி, பின்கட்டுக்கு வேறு திசையிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். இந்தத் தடவை டை போடவில்லை. பிள்ளைகள் செருப்பில் இருக்குமே, பிரித்தால் சர்ரென்று சத்தம் போடுகிற ஒட்டுப் பட்டை, அதை மருமகள் வாங்கி வந்திருந்தாள். அது அவருக்கு அருவருப்பாக இருந்தது. கட்டு மாதிரியே இல்லை, எவன் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். திட்டிக்கொண்டேதான் சுற்றினார்.

முடித்து இறங்கினதும் மருமகள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஏணியைப் பிடிங்க மாமா.”

அவர் கை ஏணியில்தான் இருந்தது. ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு அவர் சுற்றிப் போய், இரண்டு காலையும் அகல வைத்து, ஏணியை இரண்டு பக்கமும் பிடித்தார்.

அவள் ஏறினாள். தலை சீலிங்குக்குள் மறைந்தது. டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் போனது. ஒட்டுப் பட்டை ஒவ்வொன்றுக்கும் அடியில் விரலை விட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.  நாற்பது வருஷத்தில் அவர் கட்டுக்குள் இன்னொருத்தர் விரல் போனதில்லை.

“மாமா.”

“என்ன?”

“மூணாவது இறுக்கமா இருக்கு. விரல் போகல.”

“போகும். நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன். போகல.”

ஏணியை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால் அவள் விழுவாள். பிடித்துக்கொண்டே நின்றார்.

“இறங்கு” என்றார். “இறங்கித் தொலை. அவிழ்த்துக் கட்டறேன்.”